மஞ்சள் 14 – ஒரு விமானியும் ஒரு எஞ்சினும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு இரண்டு மணிக்கு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். இது எனக்குத் தண்டனையா உங்களுக்குத் தண்டனையா என்று தெரியவில்லை. "ஏதாவது உபயோகமா பேசுப்பா, ஆனா போரடிச்சுடாதே" என்று செயலாளர் சொன்னார். உபயோகத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் ஹாஸ்டலில் என்னோடு தங்கியவர்களுக்குத் தெரியும், மற்ற அறைகளில் சினிமா நடிகைகள் படம் ஒட்டியிருந்த சுவரில் என் அறையில் விமானப் படம் ஒட்டியிருக்கும். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. போதாக்குறைக்கு, இந்தப் பன்னிரண்டு வருடமாக எஞ்சின் சோதனைக் கூடத்திலேயே வேலை. ஆகவே இரண்டையும் சேர்த்து ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஹன்ஸ்-யோவாகிம் மார்செய். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் சண்டை விமானி. அவர் கணக்கில் எழுதப்பட்ட எதிரி விமானங்கள் 158. இதைவிடப் பெரிய எண்கள் ஜெர்மானியர்களிலேயே உண்டு. ரஷ்ய முனையில் எரிக் ஹார்ட்மன் என்பவருக்கு 352. ஆனால் மேற்கத்திய நாட்டு விமானங்களுக்கு எதிராக மட்டும் என்று எடுத்தால் மார்செய்க்கு மேல் ஆள் கிடையாது. இறந்தபோது அவருக்கு வயது 22. அதாவது பைனல் இயர் முடித்து, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு அரியரை எழுதிக்கொண்டிருக்கிற வயது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் சண்டை போட்டது ஹிட்லரின் ஜெர்மனிக்காக. கொடியைப் பார்க்காமல் திறமையை மட்டும் பார் என்று உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை. கொடியையும் பார்ப்போம், திறமையையும் பார்ப்போம், கடைசியில் அந்த எஞ்சினையும் பார்ப்போம்.

1919 டிசம்பர் 13ஆம் தேதி பெர்லினில் சார்லோட்டன்பர்க் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி. அப்பா பட்டாளம் என்றால் பிள்ளை ஒழுங்காக இருக்கும் என்று நினைப்போம் இல்லையா, இங்கே நேர் எதிர். 1938இல் விமானப்படையில் சேர்ந்தார். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் தனியாகப் பறந்துகொண்டிருந்தவர், இயற்கை உபாதைக்காக விமானத்தை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார். ஏதோ விபத்து என்று வயலில் வேலை பார்த்தவர்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் இவர் வேலையை முடித்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டார். புரொபெல்லர் காற்றில் அந்த விவசாயிகள் தள்ளப்பட்டுப் போனார்கள் என்று கதை. இப்படிப்பட்ட பல கைங்கரியங்களால், கூடப் படித்தவர்கள் எல்லாம் அதிகாரிகள் ஆன பிறகும் இவர் மட்டும் பயிற்சி அதிகாரிப் பட்டத்திலேயே கிடந்தார். நம் பாஷையில் சொன்னால் செட்டே டிகிரி வாங்கிப் போன பிறகும் ஹாஸ்டலை விட்டுப் போகாத அண்ணன்.

1940இல் இங்கிலாந்தின் மேல் நடந்த விமானப் போரில் இறங்கினார். ஏழு விமானங்களை வீழ்த்தினார். அதே காலத்தில் தன் விமானங்களையும் வரிசையாகத் தொலைத்தார். ஒருமுறை எஞ்சின் போய், ஆங்கிலக் கால்வாயில் குதித்து மூன்று மணி நேரம் தண்ணீரில் மிதந்தார். வரவு செலவு பார்த்தால் ஜெர்மன் கஜானாவுக்கு அப்போது பெரிய லாபம் இல்லை. தலைவனோடு சேர்ந்து பறக்க வேண்டிய ஜோடி விமானி, தலைவனை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்கு எதிரியைத் துரத்திக்கொண்டு போவார். அப்போது அவருக்கு மேலதிகாரி யோகன்னஸ் ஸ்டைன்ஹாஃப். இந்த ஸ்டைன்ஹாஃப் சாதாரண ஆள் இல்லை, பிற்காலத்தில் மேற்கு ஜெர்மன் விமானப்படைக்கே தலைமை தாங்கியவர். அவரே "இந்தப் பையன் நமக்கு வேண்டாம்" என்று வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார். அந்தப் படைப்பிரிவுதான் ஜே.ஜி. 27. அங்கே குழுத் தளபதி எட்வர்ட் நோய்மன்.

இந்த நோய்மனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 ஏப்ரலில் இந்தக் குழு வட ஆப்பிரிக்கா போனது. லிபியாவில் கசாலா என்ற இடத்தில் விமானத் தளம். போன சில நாட்களிலேயே, ஏப்ரல் 23ஆம் தேதி, பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒன்றில் பறந்த ஜேம்ஸ் டெனிஸ் என்ற சுதந்திர பிரெஞ்சு விமானி மார்செயைச் சுட்டுத் தள்ளினார். விமானி உட்காரும் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 30 துளை. அந்த நொடியில் மார்செய் முன்னால் குனிந்திருந்ததால் தப்பினார். எப்படியோ தரையிறக்கிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அதே டெனிஸ் மறுபடியும் சுட்டுத் தள்ளினார்! கிரிக்கெட்டில் ஒரே பவுலரிடம் இரண்டு இன்னிங்ஸிலும் அவுட் ஆகிற மாதிரி.

நோய்மன் என்ன செய்தார்? திட்டினார். ஆனால் திட்டியதோடு அனுப்பிவிடவில்லை. பையனிடம் ஏதோ இருக்கிறது, அது வெளியே வர நேரம் வேண்டும் என்று பொறுத்துக்கொண்டார். தலைமுடி நீளம், கோட்டில் பொத்தான் போன்ற விஷயங்களில் கண்டும் காணாமல் இருந்தார். பறக்கும் விஷயத்தில் மட்டும் விடவில்லை. ஓர் ஆளைப் பற்றி ஸ்டைன்ஹாஃப் எடுத்த முடிவும் தப்பில்லை, நோய்மன் எடுத்த முடிவும் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கால்வாயின் மேல் ஒழுங்கீனத்துக்கு உயிர் விலை. பாலைவனத்தில் நோய்மனுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது.

மார்செய் தன்னைத் தானே திருத்திக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. சண்டை முடிந்து திரும்பும் வழியில், எண்ணெய் மிச்சமிருந்தால், கூட வரும் தன் தோழர்களின் விமானங்களையே எதிரியாக வைத்துப் பாய்ந்து பாய்ந்து குறி பார்த்துப் பழகுவார். சுட மாட்டார், கோணத்தை மட்டும் பழகுவார். கடுமையாகத் திரும்பும்போது ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும் அல்லவா, அதைத் தாங்கக் கால், வயிற்றுத் தசைகளுக்குத் தனியாக உடற்பயிற்சி செய்தார். பாலைவன வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டும் என்று கறுப்புக் கண்ணாடியைத் தவிர்த்தார். மாதக்கணக்கில் பலன் ஒன்றும் பெரிதாக இல்லை. 1941 செப்டம்பர் 24இல்தான் முதல்முறையாக ஒரே பறத்தலில் நான்கு ஹரிக்கேன் விமானங்கள்.

இப்போது அவருடைய முறையைச் சொல்கிறேன். கரும்பலகை இருந்தால் வரைந்து காட்டுவேன்.

ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காமன்வெல்த் படையிடம் இருந்தவை பெரும்பாலும் ஹரிக்கேன், அமெரிக்காவில் செய்த டோமஹாக், கிட்டிஹாக் விமானங்கள். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அவற்றைவிட வேகமாக ஏறும். ஆனால் அவை நன்றாகத் திரும்பும். எனவே ஜெர்மானியர்களைக் கண்டவுடன் அவர்கள் ஒரு வட்டம் போடுவார்கள். ஒருவர் வாலை அடுத்தவர் காப்பார். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி எட்டுப் பத்து விமானம் சுற்றும். யார் பின்னால் நீ போனாலும் உன் பின்னால் ஒருவன் இருப்பான். மற்ற ஜெர்மன் விமானிகள் இந்த வட்டத்தைக் கண்டால் மேலேயே சுற்றிவிட்டு, யாராவது தனியாகப் பிரிந்தால் பாய்வார்கள்.

மார்செய் தனியாக வட்டத்துக்குள் இறங்குவார். அதுவும் த்ராட்டிலைச் சட்டென்று குறைத்து, ஃப்ளாப்பைக் கொஞ்சம் இறக்கி, வேகத்தைக் கொன்று, அவர்களைவிடச் சின்ன வட்டமாகத் திரும்புவார். வேகம்தான் உயிர் என்று எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை இவர் கழற்றி வைத்துவிட்டார். ஒரு குறுகிய வெடிப்பு, ஒரு விமானம் விழும், உடனே கீழே பாய்ந்து மறுபடி மேலே. கூட்டத்தில் தனியாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. எட்டுப் பேருக்கும் "சுட்டால் நம்மாள் மேல் பட்டுவிடுமோ" என்ற தயக்கம். இவருக்கு அந்தத் தயக்கமே இல்லை, கண்ணில் படுவது எல்லாம் எதிரி.

அடுத்தது குறி. சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். எதிரி மணிக்கு 470 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு சுமார் 130 மீட்டர். தூரம் 150 மீட்டர். குண்டின் வேகம் சராசரி 750 மீட்டர் என்று வையுங்கள். குண்டு போய்ச் சேர 0.2 விநாடி. அதற்குள் எதிரி 26 மீட்டர் நகர்ந்திருப்பான். அதாவது பக்கவாட்டில் இருந்து சுடுபவன், விமானத்தின் நீளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு முன்னால் வெற்றுக் காற்றைச் சுட வேண்டும். இவரும் திரும்பிக்கொண்டிருக்கிறார், அவனும் திரும்பிக்கொண்டிருக்கிறான். இன்னும் கொடுமை, சரியான அளவு முன்னால் குறி வைத்தால், இலக்கு தன் விமான மூக்குக்குக் கீழே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததைச் சுட வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல், உடம்பை ஆறு மடங்கு எடை அழுத்தும்போது செய்தார். ஒரு விமானத்துக்குச் சராசரி 15 குண்டுதான் செலவு என்று தளத்தில் துப்பாக்கியைத் திறந்து எண்ணியவர்கள் சொல்லி வந்தார்கள்.

1942 ஜூன் 3ஆம் தேதி பிர் ஹக்கீம் அருகே தென்னாப்பிரிக்க ஸ்குவாட்ரனின் ஆறு டோமஹாக் விமானங்களை 11 நிமிடத்தில் வீழ்த்தினார். ஜூன் 17இல் நூறைத் தாண்டினார். கூடவே பறந்த ஜோடி விமானி ரைனர் பொட்கன் பாவம், அவருக்குச் சுட வேலையே இல்லை. எது எங்கே எத்தனை மணிக்கு விழுந்தது என்று குறித்துக்கொள்வதும், தலைவன் முதுகைக் காப்பதும்தான் வேலை. படையில் அவருக்கு வைத்த பட்டப்பெயரை நம் வழக்கில் சொன்னால் 'பறக்கும் கணக்குப்பிள்ளை'. மார்செயின் விமானத்தில் மஞ்சள் நிறத்தில் 14 என்று எழுதியிருக்கும். எதிர்த்தரப்புக்கும் அந்த எண் தெரிந்திருந்தது.

சரி, உச்சத்துக்கு வருவோம். 1942 செப்டம்பர் 1. அந்த ஒரே நாளில் மூன்று பறத்தல்களில் 17 விமானங்கள் அவர் கணக்கில் ஏறின. இத்தனையும் உண்மையா என்ற சந்தேகம் அப்போதே உண்டு, இப்போதும் உண்டு. சண்டைக் குழப்பத்தில் ஒன்றை இரண்டாக எண்ணுவது எல்லா நாட்டு விமானிகளுக்கும் உள்ளது. அதே ஜே.ஜி. 27இன் இன்னொரு பிரிவில், அதே ஆண்டு ஆகஸ்டில், நான்கு பேர் கூட்டாகப் பொய்க் கணக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் நடந்தது. மார்செய் விஷயத்தில் இரு தரப்புப் பதிவுகளையும் வைத்துச் சரிபார்த்தவர்கள், எண்ணில் கொஞ்சம் குறைத்தாலும், ஆள் நிஜம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த செப்டம்பர் 1ஆம் தேதி தரையில் என்ன நடந்தது? அது அலம் ஹல்ஃபா சண்டை. எகிப்தைப் பிடித்துவிட ரோம்மல் கடைசியாக ஒரு முயற்சி செய்த நாட்கள். எதிரே பிரிட்டிஷ் எட்டாவது படை. அதில் ருவைசாத் மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நம் ஐந்தாவது இந்திய டிவிஷன். (நம் ஊர் மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களும் அந்தப் பாலைவனத்தில் நான்காவது இந்திய டிவிஷனோடு மணல் தின்றவர்கள்தான். இதெல்லாம் நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூட வராது, போகட்டும்.) அந்தச் சண்டையில் ரோம்மலின் முதுகை முறித்தவற்றில் ஒன்று, இரவு பகலாக அவருடைய டாங்கிகள் மேலும் லாரிகள் மேலும் விழுந்துகொண்டே இருந்த நேச நாட்டு விமானக் குண்டுகள். வண்டிகளுக்குப் பெட்ரோல் வேறு இல்லை. இரண்டு மூன்று நாளில் பின்வாங்கினார்.

புரிகிறதா? மேலே ஒரு மேதை 17 சண்டை விமானங்களை வீழ்த்துகிறார். அவை காவல் காத்து வந்த குண்டுவீச்சு விமானங்களோ தங்கள் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன! ஆப்பிரிக்காவில் மார்செய் கணக்கில் உள்ள 151இல் குண்டுவீச்சு விமானங்கள் வெறும் நான்கு. குழு முழுவதுமே நட்சத்திரத்தின் எண்ணிக்கையை ஏற்றுவதற்காகப் பறந்த மாதிரி ஆகிவிட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் குறை சொல்கிறார்கள். மற்ற விமானிகளில் பலருக்குக் கணக்கே தொடங்கவில்லை. நாம் இதை நம் தொழிலில் பார்த்ததில்லையா? ஒரு மெஷின் மட்டும் நூற்றுப்பத்து சதவீதம் ஓடும், அதற்கு மாலை மரியாதை எல்லாம் நடக்கும், லைன் முடிவில் டெஸ்பாட்ச் மட்டும் ஆகாது. அந்த மெஷினைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எதை எண்ணுவது என்று தீர்மானித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பெர்லினில் இருந்தவர்களுக்கு, பத்திரிகையில் போட அழகான ஒரு முகமும் ஓர் எண்ணும் தேவைப்பட்டன. இரண்டும் கிடைத்தன.

மனிதர் எப்படி? ஜாஸ் இசைப் பிரியர். நாஜிகளுக்கு ஆகாத இசை அது. 1941 செப்டம்பரில் ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனைச் சேர்ந்த பாட் பையர்ஸ் என்ற விமானியை வீழ்த்தியபோது, அவர் தீக்காயத்தோடு உயிருடன் இருக்கிறார் என்று ஒரு சீட்டு எழுதி, எதிரியின் விமானத் தளத்துக்கு மேல் பறந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார். சுடுவார்கள் என்று தெரிந்தே போனார். பையர்ஸ் இறந்தபோது இன்னொரு சீட்டோடு மறுபடி போனார்.

டோப்ரூக்கில் பிடிபட்ட கைதிகளில் மாத்யூ லெட்டுலு என்ற கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் ஒருவர் இருந்தார். ஜெர்மானியர்கள் மத்தியாஸ் என்று கூப்பிட்டார்கள். அவரை மார்செய் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். இருவரும் நெருக்கமான நண்பர்கள் ஆனார்கள். தனக்கு ஏதாவது ஆனால் மத்தியாஸை வேறு எங்கும் அனுப்பிவிடாதீர்கள், நம் குழுவோடே வைத்திருங்கள் என்று தோழர்களிடம் சொல்லி வைத்திருந்தார். போர் முடிந்து பல வருடம் கழித்தும் அந்தக் குழுவின் பழைய ஆட்கள் கூடும்போது லெட்டுலு வந்து கலந்துகொண்டார். இன நிறத்தை வேதமாக வைத்திருந்த ஓர் ஆட்சியின் பட்டாளத்தில் இது நடந்தது.

இதை வைத்துச் சில புத்தகங்கள் மார்செயை நாஜி எதிர்ப்பாளர் என்றே எழுதிவிட்டன. 1957இல் ஜெர்மனியில் வந்த திரைப்படமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஜெர்மன் ராணுவ வரலாற்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நல்ல தோழன், சரி. கைதியை மனிதனாக நடத்தினார், சரி. ஆனாலும் லெட்டுலு கைதிதான், விரும்பி வேலைக்கு வந்தவர் இல்லை. அந்த ஆட்சி கொடுத்த பதக்கங்களை இவர் மார்பில் குத்திக்கொண்டார், அதன் பிரசாரத்துக்கு முகத்தைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான். ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை அழிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே அவருடைய நெருங்கிய தோழர்கள் இருவர் அடுத்தடுத்த நாளில் போய்விட்டார்கள். ஆறாம் தேதி ஸ்டைன்ஹவுசன், ஏழாம் தேதி ஸ்டால்ஷ்மிட். அதன் பிறகு ஆள் மாறிவிட்டார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். தூக்கம் கெட்டது, கை நடுங்கியது. அப்படியும் அந்த மாதம் மட்டும் 54 விமானங்கள். கடைசி, செப்டம்பர் 26ஆம் தேதி, ஒரு ஸ்பிட்ஃபயரோடு நீண்ட சண்டை. பிரிட்டிஷ், அமெரிக்க விமானிகளுக்குக் குறிப்பிட்ட காலம் பறந்தால் ஓய்வு உண்டு, பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஜெர்மானியர்களுக்கு அது கிடையாது. அவ்வப்போது லீவு, அவ்வளவுதான். மற்றபடி சாகும் வரை அல்லது உடைந்து போகும் வரை பற என்பதுதான் ஏற்பாடு. அவர்களுடைய எண்கள் அத்தனை பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எஞ்சின் கதை. மெக்கானிக்கல் தம்பிகள் தூங்காமல் கேளுங்கள்.

மார்செய் பறந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் எஃப் ரகம். அதில் இருந்தது டெய்ம்லர்-பென்ஸ் டி.பி. 601 எஞ்சின். தலைகீழ் வி வடிவம், 12 சிலிண்டர், கார்புரேட்டர் இல்லாமல் நேரடி எரிபொருள் உட்செலுத்தல், சூப்பர்சார்ஜரை ஓட்ட எண்ணெய் வழியாக இயங்கும் ஹைட்ராலிக் கப்ளிங். 1930களில் வடிவமைத்தது என்று நினைத்துப் பாருங்கள். போர் தீவிரமானது, இன்னும் சக்தி வேண்டும் என்றார்கள். அதே உடம்புக்குள் போரை 150 மில்லிமீட்டரில் இருந்து 154 ஆக்கினார்கள். ஸ்ட்ரோக் அதே 160. கொள்ளளவு 33.9 லிட்டரில் இருந்து 35.7. சுழல் வேகத்தையும் கம்ப்ரஷனையும் உயர்த்தினார்கள். இதுதான் டி.பி. 605. வெளி அளவு மாறவில்லை, ஆகவே அதே விமானத்தில் பொருத்திவிடலாம். அந்த விமானம்தான் ஜி ரகம்.

வெளியில் இருந்து பார்த்தால் அருமையான யோசனை. உள்ளே? சிலிண்டர்களுக்கு நடுவில் உலோகம் குறைந்தது, வெப்பம் கூடியது. பழைய எஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங். புதியதில் சாதாரண வழுக்குப் பேரிங். வழுக்குப் பேரிங் மட்டமானது என்று சொல்ல வரவில்லை, நம் வண்டி எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் அதற்கு எண்ணெய் அழுத்தம் ஒருபோதும் விடாமல் கிடைக்க வேண்டும். எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் அந்த மெல்லிய படலம் போய்விடும், பேரிங் சூடாகும், பிடிக்கும். எஞ்சின்கள் காற்றிலேயே தீப்பிடித்தன. நிலைமை எப்படி என்றால், டி.பி. 605 வந்த பிறகு அதை முழு சக்தியில் ஓட்டவே கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடையை முழுதாக நீக்க 1943 வரை ஆனது. அதிக சக்திக்காகச் செய்த எஞ்சின், அதிக சக்தியைத் தராதே என்ற கட்டளையோடு முனைக்கு வந்தது! எங்கள் சோதனைக் கூடத்தில் இதைப் படித்துக் காட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பழக்கப்பட்ட விஷயம்.

இந்தப் புது விமானங்கள் குழுவுக்கு வந்தபோது மார்செய் வேண்டாம் என்றார். எஞ்சின் அடிக்கடி போகிறது, நான் பழையதிலேயே பறக்கிறேன் என்று உத்தரவைக் கண்டுகொள்ளாமல் இருந்தார். ஒழுங்கீனமான ஆள் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே இதுவும் அவருடைய சேட்டைகளில் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சேட்டை இல்லை, ஃபீல்டில் இருந்து வந்த ரிப்போர்ட். அந்தப் படையில் அந்த விமானத்தைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? கடைசியில் அந்தப் பகுதிக்கே தலைமைத் தளபதியான ஃபீல்ட் மார்ஷல் கெஸ்ஸல்ரிங் உத்தரவு போட்டார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

1942 செப்டம்பர் 30. புது ஜி-2 விமானம். அந்த விமானத்துக்கு அதுதான் முதல் போர்ப் பறத்தல். ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போனார்கள். எதிரியே கண்ணில் படவில்லை. திரும்பி வரும் வழியில் காக்பிட்டுக்குள் புகை. கண் தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது. கீழே இருப்பது எதிரி நிலம். பக்கத்தில் பறந்த பொட்கனும் இன்னொருவரும் "இடது பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் மேலே" என்று ரேடியோவில் குருடருக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே அழைத்து வந்தார்கள். சில நிமிடம்தான். எல்லையைக் கடந்து ஜெர்மன் பகுதிக்கு வந்த பிறகு, குதிப்பதற்காக விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அப்படித் திருப்பி விழுவதுதான் அந்த விமானத்தில் வழக்கமான முறை. ஆனால் புகையில் திசை தெரியாததால் மூக்கு செங்குத்தாகக் கீழே சாய்ந்துவிட்டது. வேகம் மிக அதிகம். வெளியே வந்தவரின் மார்பில் வால் இறக்கை மோதியது. பாராசூட் விரியவில்லை. எகிப்தில் சிடி அப்தெல் ரஹ்மானுக்குத் தெற்கே 7 கிலோமீட்டரில் விழுந்தார்.

388 பறத்தல்களில் எத்தனையோ பேர் அவரைச் சுட முயன்றார்கள். கடைசி நாளில் ஒருவரும் ஒரு குண்டு கூடச் சுடவில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். கியரில் சேதம், அதனால் எண்ணெய்க் கசிவு, பற்சக்கரத்தின் பற்கள் உடைந்து அந்த எண்ணெய் பற்றிக்கொண்டது என்று எழுதினார்கள். நாசவேலை இல்லை, மனிதத் தவறு இல்லை என்றும் எழுதினார்கள். அவசரமாக முடித்த அறிக்கை. மனிதத் தவறு இல்லை என்றால் மெக்கானிக் போல்ட்டை ஒழுங்காகத்தான் முடுக்கினார், விமானி ஒழுங்காகத்தான் ஓட்டினார் என்று பொருள். எஞ்சின் தயாராகும் முன்பே அதை அனுப்பிய முடிவு அந்தக் கட்டத்துக்குள் வரவே இல்லை. தம்பி தங்கைகளே, இன்னும் ஐந்தாறு வருடத்தில் உங்களில் சிலர் இப்படிப்பட்ட படிவங்களில் கையெழுத்துப் போடுவீர்கள். அதில் எந்தக் கட்டம் இல்லை என்று பார்ப்பதும் வேலைதான். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வராது.

மார்செய்க்கு அறிவித்த மிக உயர்ந்த பதக்கம், வைரங்கள் பதித்தது, அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. ஸ்டைன்ஹவுசன், ஸ்டால்ஷ்மிட், மார்செய் என்று ஒரே மாதத்தில் மூவரும் போனதில் குழுவின் மனம் ஒடிந்து, அவர்களை ஏறக்குறைய ஒரு மாதம் முனையில் இருந்து விலக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆளைச் சுற்றிக் கட்டியதற்கு அந்தக் குழு கொடுத்த விலை அது. அக்டோபர் 23இல் எல் அலமைன் பெரும் போர் தொடங்கியது. அதன் முடிவு உங்களுக்குத் தெரியும்.

முதலில் டெர்னாவில் புதைத்தார்கள். பிறகு டோப்ரூக்கில் உள்ள ஜெர்மன் நினைவிடத்துக்கு மாற்றினார்கள். விழுந்த இடத்தில் இத்தாலியப் பொறியாளர்கள் போர்க் காலத்திலேயே ஒரு சின்னப் பிரமிடு கட்டி வைத்தார்கள். அது காலப்போக்கில் சிதைந்து போனது. 1989 அக்டோபர் 22ஆம் தேதி, எகிப்து அரசின் ஒத்துழைப்போடு, குழுவின் பழைய ஆட்கள் சிலர் அதே பாலைவனத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு பிரமிடு எழுப்பினார்கள். முன்னின்று செய்தவர் எட்வர்ட் நோய்மன், அப்போது அவருக்கு வயது 78.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். காபி வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.